குருவி கண் திறந்த ராத்திரி

ஓடுதுங்க! 13 வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்து வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கிய அரசு மடிக்கணினி, ஆறு வருஷமாக பீரோவுக்கு மேலே பழைய காலண்டர் கட்டுக்கு அடியில் கிடந்த மடிக்கணினி, ஓடுது! இதைப் பால்காரரிடம் சொல்லிவிட்டேன், அச்சாபீசில் மெஷின்மேன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், திருத்தங்கல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெரியவரிடமும் சொல்லிவிட்டேன், "அப்படியா தம்பி, சந்தோஷம்" என்று அவர் இறங்கிப் போன பிறகும் ஆசை தீரவில்லை, அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். கொஞ்சம் உட்காருங்கள், முழுசாகச் சொல்கிறேன்.

தீபாவளி முடிந்த வாரத்துச் சிவகாசியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஊர் உலகமெல்லாம் வெடித்துத் தீர்த்த களைப்பு எங்கள் ஊருக்குத்தான் வந்து இறங்கும். பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை. விடிகாலையில் ஆள் ஏற்றும் வேன்களின் ஹாரன் கிடையாது. அக்காவின் விரலிடுக்கில் வருஷம் முழுக்க ஒட்டிக் கிடக்கும் வெள்ளி மினுக்கு அந்த வாரத்தில்தான் கழுவக் கழுவப் போகும். இந்தத் தடவை, 2025இல், தீபாவளி அக்டோபர் 20. அதற்கடுத்த சனிக்கிழமை, வெளியே மழை சொட்டிக்கொண்டிருக்கிறது, ஆறாம் வகுப்புப் படிக்கிற அக்கா மகன் கேரம்போர்டு எடுக்கிறேன் என்று ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து ஒரு கறுப்புப் பையை இழுத்தான். தூசி! அவன் தும்ம, நான் தும்ம, ஜிப்பைத் திறந்தால் மூடியில் கோபுரம்!

தமிழக அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்றுதான் எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். எங்கள் மாவட்டத்துக் கோபுரம், எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கணினியின் மூடியில்! 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம். அதில் பிளஸ் டூ பிள்ளையாக 2012இல் நான் வாங்கியது இது. அந்த வருஷத்துக் கரண்டு கட்டு ஞாபகம் இருக்கிறதா? பத்து மணி நேரத்துக்கு மேல்கூடப் போகும். ராத்திரி அடுப்படியில் இந்தத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து நான் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அம்மா தோசை சுடுவாள். தோசைக்கல்லில் நீல வெளிச்சம் விழும். அந்த வெளிச்சத்தை நான் மறப்பேனா?

இன்னொன்று சொல்லியாக வேண்டும், இதுதான் கதைக்கே திரி. அந்தக் கணினியைப் போட்டால் இரண்டு வாசல் வரும். ஒன்று விண்டோஸ் 7. இன்னொன்று பாஸ் லினக்ஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் அந்த பாஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்டது, சென்னையில் உருவானது. இந்த மடிக்கணினித் திட்டத்துக்கும் முன்பே, உமாசங்கர் ஐஏஎஸ் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியிருந்தது என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எங்கள் வகுப்பில் ஒருத்தன்கூட அந்த இரண்டாவது வாசலைத் திறக்கவில்லை. நானும்தான். ஒரே ஒரு நாள் தப்பாக அதை அழுத்தி, தெரியாத திரையைப் பார்த்துப் பயந்து, பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துவிட்டேன். அந்த பாஸுக்கு அடித்தளம் டெபியன். இந்தப் பெயரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

"மாமா, இது ஓடுமா?"

அந்தக் கேள்விதான். சார்ஜரைச் செருகினேன், விளக்கு எரிந்தது, ஃபேன் சங்குசக்கரம் கிறுக்குப் பிடித்துச் சுற்றுகிற மாதிரி இரைந்தது, கோபுரம் வந்தது, அப்புறம் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மினுக் மினுக்கென்று நின்றுவிட்டது. அவ்வளவுதான். கல்லூரிக் காலத்தில் பார்த்த பென்டிரைவையெல்லாம் செருகி ஷார்ட்கட் வைரஸ் வாங்கிச் சேர்த்தவன் நான், அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? விண்டோஸ் 7க்கான ஆதரவும் 2020 ஜனவரி 14இலேயே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்கும் இதோ, தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால், அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இதில் ஏது? பழைய இரும்புக்குப் போடலாம் என்றாள் அம்மா. நானா போடுவேன்! கணியம் இதழ் 2012இலிருந்து தமிழில் லினக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது, அதைப் படித்துப் படித்து அச்சாபீஸ் கணினியில் கைப்பழக்கமும் ஆகிவிட்டது, கையில் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. மருமகனைக் கூட்டிக்கொண்டு அப்போதே விருதுநகர் பஸ் ஏறிவிட்டேன்.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சர்வீஸ் கடை. பஜாருக்குள் நுழைந்தாலே வத்தல் நெடியும் எண்ணெய் வாசமும் மூக்கில் ஏறும், அந்த வாசத்துக்கு நடுவே சால்டரிங் புகையும் சேர்ந்துகொள்ள, கடை அண்ணாச்சி என் கணினியைத் திருப்பிப் பார்த்தார். "அரசாங்க லேப்டாப்பா? இதெல்லாம் பர்மாத் தேக்கு மாதிரி தம்பி. வேற போடாத. எஸ்எஸ்டி ஒண்ணு போடு, ரேம் ஒண்ணு கூட்டு." கழற்றி வைத்திருந்த பழைய 4 ஜிபி ரேம் ஒன்று, 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, விரல் நகமளவு தெர்மல் பேஸ்ட், எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். புது மடிக்கணினி என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்! அந்தப் பொட்டலத்தை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நாலு தடவை பிரித்துப் பார்த்தேன்.

ராத்திரி ஏழு மணிக்கு நடு ஹாலில் பழைய பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்தோம். கணினியைக் கவிழ்த்து ஸ்க்ரூ கழற்ற ஆரம்பித்தோம். சின்னச் சின்ன ஸ்க்ரூ, ஒன்று உருண்டால் போச்சு. அதற்கு மருமகன் ஒரு வழி கண்டுபிடித்தான் பாருங்கள்: ஏழு தீப்பெட்டியைக் காலி செய்து வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, எந்தப் பக்கத்து ஸ்க்ரூ எந்தப் பெட்டியில் என்று போட்டு வைத்தான். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த ஊர் இல்லையா இது? கணினி ஸ்க்ரூவும் இங்கே தீப்பெட்டிக்குள்தான் போகும்! உள்ளே ஃபேனுக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவே தூசி ஒரு பஞ்சுத் திண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது, நகத்தால் நெம்பினால் ஒரே தகடாகக் கழன்று வந்தது. அடேயப்பா, மூச்சு விடாமல் தவித்துக்கொண்டு இருந்திருக்கிறது பாவம்! பிராசஸர் மேலே இருந்த தெர்மல் பேஸ்ட், வெடிக்குழாயில் காய்ந்த பசை மாதிரி பொரிந்து உதிர்ந்தது. துடைத்துப் புதுசு வைத்தேன். பழைய ரேமின் தங்கப் பற்களை மருமகனின் பென்சில் ரப்பரால் தேய்த்தேன், தேய்க்கத் தேய்க்கப் பளபளவென்று வந்தது. மழைநேரத்துச் சிவகாசியில் ரப்பர் வாசனை, சூடான டீ, தட்டில் மீந்த தீபாவளி முறுக்கு. இதைவிட ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கே கிடைக்கும்?

எஸ்எஸ்டியை உடனே போடவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருக்கிறதோ, அதை முதலில் எடுத்துவிட வேண்டும். பழைய கணினியைப் புதுப்பிக்கிற யாரும் இதை மறக்கவே கூடாது, இன்ஸ்டால் பட்டனைத் தட்டினால் பழையது அத்தனையும் அழிந்துபோகலாம். பென்டிரைவில் வென்டாய் என்கிற மென்பொருளைப் போட்டு வைத்திருந்தேன். அதில் ஐஎஸ்ஓ கோப்புகளை, பாட்டு ஏற்றுகிற மாதிரி, சும்மா நகலெடுத்துப் போட்டால் போதும், எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று அதுவே கேட்கும். எஃப்12ஐத் தட்டினேன், டெபியனின் லைவ் பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். லைவ் என்றால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடுவது. வந்தது! நீலத் திரை விரிந்து, மூலையில் கடிகாரம் என்னமோ 2010 என்று காட்டியது, உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போயிருக்கிறது. அதனால் பிரவுசர்கூட எந்தத் தளத்தையும் நம்ப மாட்டேன் என்றது, தேதியைத் திருத்தியதும் சமாதானமாகிவிட்டது. பழைய டிஸ்க்கைத் திறந்தேன். படங்கள், வீடியோக்கள், எல்லாம் அப்படியே!

இப்போது நினைச்சுப் பாருங்க. 2013 என்று ஒரு கோப்புறை. அதில் நாற்பது விநாடி வெப்கேம் வீடியோ. தட்டினால், திரையில் அப்பா. அச்சாபீசில் கட்டிங் மெஷின் ஓட்டிவிட்டு வந்த அதே காக்கிச் சட்டையோடு, திரையில் தன் முகம் தெரிவதைப் பார்த்து, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாருகிறார். "ஏய்யா, கண்ணாடி கணக்கா இருக்குல்ல?" என்கிறார். பின்னால் நான் சிரிக்கிற சத்தம். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் குரல் எங்களிடம் எதிலுமே இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம், இல்லை என்று எத்தனையோ ராத்திரி பேசியிருக்கிறோம், அது பீரோ மேலே, தலைக்கு மேலே, நாலடி தூரத்தில் இருந்திருக்கிறது! அடுப்படியிலிருந்து அம்மா மாவுக்கையோடு ஓடிவந்தாள். "யாரு பேசுறா? யாரு அது?" ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஓட்டினேன். மருமகனுக்குத் தாத்தா முகமே ஞாபகம் கிடையாது, அவன் திரைக்கு மூக்கு ஒட்டப் போய் உட்கார்ந்துகொண்டான். "அம்மாச்சி, தாத்தா என்னை மாதிரியே சீவுறாரு பாரு!" ஆறு தடவை பார்த்தோம். அப்புறம் நான் அந்தக் கோப்புறையை இரண்டு பென்டிரைவில், என் ஃபோனில், அக்கா ஃபோனில் என்று நாலு இடத்தில் ஏற்றிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

சரி, இப்போது எஸ்எஸ்டி. மாட்டி மூடினேன். டெபியன் 13ஐ நிறுவ வேண்டும், 2025 ஆகஸ்ட் 9இல் வெளிவந்தது, பெயர் டிரிக்ஸி. டெபியன்காரர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் டாய் ஸ்டோரி படத்துப் பொம்மைகளின் பெயரைத்தான் வைப்பார்கள். "மூணு கொம்பு டைனோசர்!" என்று மருமகன் துள்ளினான், அவனுக்கு அந்தப் படம் மனப்பாடம். டெபியன் பிறந்த கதையும் அழகுதான். 1993இல் இயன் மர்டாக் என்கிற கல்லூரி மாணவர் தொடங்கியது, தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார். ஹெல்சிங்கியில் இன்னொரு மாணவர், லினஸ் டோர்வால்ட்ஸ், 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ்தான் இதற்கு இதயம். அந்த டெபியனை எடுத்துத்தான் நம் ஊரில் பாஸ் செய்தார்கள், அந்த பாஸ்தான் என் பள்ளிக்கூடக் கணினியில் வந்தது, அதைத்தான் நான் பார்த்துப் பயந்தேன். இப்போது தாய்வீட்டையே கூட்டிவந்து குடிவைக்கப் போகிறேன்!

இன்ஸ்டாலர் முதல் கேள்வி கேட்டது: எந்த மொழி? பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, அதில் தமிழ்! நம்முடைய எழுத்தில், 'தமிழ்' என்று! கையை உயர்த்தி ஒரு கத்துக் கத்தினேன், பக்கத்து வீட்டு மதினி ஜன்னலைத் திறந்து "என்ன, வெடி கிடி பத்திக்கிச்சா?" என்று கேட்டார்கள். வெடிதான் மதினி, வெடியேதான்! அழுத்தினேன், அடுத்தடுத்த திரைகள் தமிழில் பேசத் தொடங்கின. எங்கேயோ இருக்கிற தன்னார்வலர்கள், சம்பளமில்லாமல், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மொழிபெயர்த்த சொற்கள், மழை பெய்கிற சிவகாசி வீட்டுக்குள் வரிவரியாக வந்து இறங்குகின்றன. சில வரிகள் ஆங்கிலத்தில் இருந்தன, இருக்கட்டுமே, அதை நாமே பெயர்த்துக் கொடுக்கலாம், அதற்கும் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள். வைஃபை சில்லுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் டெபியன் 12இலிருந்து நிறுவும் கோப்புக்குள்ளேயே வந்துவிடுகிறது, ஃபோன் ஹாட்ஸ்பாட்டை உடனே பிடித்துக்கொண்டது. ரூட் கடவுச்சொல் கேட்கிற இடத்தைக் காலியாக விட்டேன், அப்படி விட்டால் நிர்வாக உரிமை நம் கணக்குக்கே வந்துவிடும். கணினிக்குப் பெயரும் கேட்டது. மருமகனைப் பார்த்தேன். "குருவி வெடி மாமா! சின்னதா இருக்கும், டப்புனு கேக்கும்!" குருவி. ஆங்கில எழுத்தில் அவனே தட்டினான். டெஸ்க்டாப் எது என்ற இடத்தில் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇயை டிக் செய்தேன், பழைய கணினிக்கு அதுதான் தோது.

அடுத்த நாற்பது நிமிஷம் இருக்கிறதே! கணினியின் பேட்டரி எப்போதோ போய்விட்டது, நேர்க் கரண்டில் ஓடுகிறது, நடுவில் ஒரு தடவை மின்சாரம் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், வெளியே இடி. அம்மா சட்னி அரைக்கப் போனவள் மிக்ஸி ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "ஃபியூஸ் கீஸ் போயிரும்யா, நீ முடி, நான் பொடி வச்சு சமாளிச்சுக்கறேன்." பட்டை ஒவ்வொரு சதவீதமாக நகர்கிறது, நாங்கள் மூன்று பேரும் சரவெடிக்குத் திரி வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறவர்கள் மாதிரி காத்திருக்கிறோம், 38, 54, 71, ஒரு மின்னல், பல்பு ஒரு முறை மங்கி மறுபடி எரிந்தது, என் வயிறு குடலோடு ஏறி இறங்கியது, 86, 92, கணினியைக் கிளப்பிவிடுகிற கிரப்பை நிறுவ வேண்டுமா என்று கேட்டது, ஆமாம் ஆமாம் ஆமாம், எந்த டிஸ்க் என்று கேட்டது, காட்டினேன், பென்டிரைவை எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யச் சொன்னது, எடுத்தேன், செய்தேன், கறுப்புத் திரை, கோபுரம், மறுபடி கறுப்பு, மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டான், ஒன்று இரண்டு மூன்று என்று அவன் எண்ண எண்ண, இருபத்திரண்டில், இருபத்திரண்டே விநாடியில், குருவி கண்ணைத் திறந்தது! சத்தமே இல்லை! பழைய காட்டுக்கூச்சல் ஃபேன் எங்கே போனது? காதை வைத்துக் கேட்டால்தான் மெல்லிசாக ஒரு காற்று. நான் எழுந்து ஆடினேன். உண்மையாகவே ஆடினேன், பெட்ஷீட் வழுக்கி தீப்பெட்டியெல்லாம் சிதற, அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க, முப்பது வயசு ஆள் ஆறாம் வகுப்புப் பையனோடு கைகோத்துச் சுற்றிச் சுற்றி ஆடினேன்!

சும்மா இருக்கும்போது எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று பார்த்தேன். ஆறு ஜிபியில் ஐந்நூற்றுச் சொச்சம் எம்பி! லிப்ரே ஆபீஸைத் திறந்தோம், மேலே 'கோப்பு' என்று தமிழிலேயே நின்றது. விசைப்பலகைக்கு ஐபஸ் போட்டு தமிழ்99ஐ ஏற்றினேன். 1999இல் தமிழக அரசு தரமாக அறிவித்த விசைப்பலகை அது, உயிரெழுத்தெல்லாம் இடக்கைப் பக்கம், மெய்யெல்லாம் வலக்கைப் பக்கம், இரண்டு கையும் மாறி மாறித் தாளம் போடுகிற மாதிரி ஓடும். பத்து நிமிஷம் தடவித் தடவி மருமகன் தன் பெயரைத் தட்டினான், அம்மாச்சி பெயரைத் தட்டினான், அப்புறம் யாரும் சொல்லாமலே தாத்தா பெயரைத் தட்டினான். நான் இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் தினசரி காலண்டர் தாள் ஒன்றை வரைந்து பார்த்தேன், கொம்பும் காலும் புள்ளியும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. ஆபீசில் நாள் முழுக்கக் காலண்டர் பார்த்து அலுத்த கண், அன்றைக்கு மட்டும் அலுக்கவில்லை. யூடியூப் முழு எச்டியில் லேசாகத் திக்குகிறது, 480இல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, அந்தத் திரைக்கு அது போதும், தாராளம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மருமகனுக்கு விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா. பொரித்த பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்துக்கொண்டே அவன் சர்வரிடம், "அண்ணே, எங்க வீட்ல குருவி இருக்கு, இருபத்திரண்டு செகண்ட்ல எந்திரிச்சிரும்" என்றான். அவர் என்னைப் பார்த்தார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், திண்ணையில் பக்கத்து வீட்டு மதினி கறுப்புப் பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மகள் பிளஸ் டூவில் வாங்கியதாம், மூடியில் அதே கோபுரம். "இதுலயும் பழைய போட்டோ இருக்கும்ல தம்பி?" இருக்கும் மதினி, இருக்கும். பெட்ஷீட்டை விரித்தாயிற்று. மருமகன் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்துகிறான்:

"அம்மாச்சி, இன்னொரு ஏழு தீப்பெட்டி!"